கருப்பும் ஓர் எண்தான்!

கருப்பு என்றதும் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குக் கரிசல் மண் நினைவுக்கு வரும். பாஸ்கரருக்கோ, விடை தெரியாத ஓர் எண் நினைவுக்கு வரும்!

பாஸ்கரர் பிறந்தது 1114-ஆம் ஆண்டில். ஏழாம் நூற்றாண்டிலேயே அதே பெயரில் ஒரு கணித அறிஞர் இருந்ததால், இவரை இரண்டாம் பாஸ்கரர் என்கிறோம். சொந்த ஊர், சஹ்யாத்ரி மலையை ஒட்டிய விஜ்ஜடவிடம். அப்பா மகேஸ்வரர்தான் குரு. 1150-இல், 36 வயதில், 'சித்தாந்த சிரோமணி'யை எழுதி முடித்தார். அதன் முதல் பகுதியான 'லீலாவதி' பலருக்கும் தெரியும். இரண்டாவது, 'பீஜகணிதம்'. தெரியாத எண்களைக் கண்டுபிடிக்கும் வழி இதில்தான் இருக்கிறது.

நாம் எக்ஸ், ஒய் என்று எழுதுகிறோம் அல்லவா? அன்று முதல் தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர். இரண்டாவதற்குக் 'காளகம்', அதாவது கருப்பு. பிறகு நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணங்கள் தொடரும்.

பீஜகணிதத்தில் உள்ள ஒரு கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோமா? கடலைமிட்டாய் விற்கும் இரண்டு நண்பர்கள். இரண்டாமவர் 100 ரூபாய் கொடுத்தால், முதலாமவரிடம் அவரைப் போல் இரண்டு மடங்கு பணம் இருக்கும். மாறாக, முதலாமவர் 10 ரூபாய் கொடுத்தால், இரண்டாமவரிடம் ஆறு மடங்கு இருக்கும். யாரிடம் எவ்வளவு?

இரண்டுமே தெரியாத எண்கள். பாஸ்கரர் பயப்படவில்லை. 100 ரூபாய் கைமாறிய பிறகு இரண்டாமவரிடம் ஒரு பங்கு என்றால், முதலாமவரிடம் இரண்டு பங்கு. சரி, அந்த 100-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். முதலாமவரிடம் இரண்டு பங்கில் 100 குறைவு. இரண்டாமவரிடம் ஒரு பங்குக்கு மேல் 100 அதிகம். பார்த்தீர்களா, ஒரே ஒரு தெரியாத எண்தான் மிச்சம். காளகத்துக்கு வேலையே இல்லை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது 10 ரூபாய் கைமாறட்டும். முதலாமவரிடம் இரண்டு பங்கில் 110 குறைவு. இரண்டாமவரிடம் ஒரு பங்கும் 110 ரூபாயும். இது அதைப் போல் ஆறு மடங்கு. ஆக, 12 பங்கில் 660-ஐக் கழித்தால் கிடைப்பது, ஒரு பங்கும் 110-ம். அப்படியானால் 11 பங்கு 770. ஒரு பங்கு 70. முதலாமவரிடம் 40 ரூபாய், இரண்டாமவரிடம் 170. கொடுத்து வாங்கிச் சரிபாருங்கள்.

69 வயதிலும் அவர் ஒரு வானியல் நூல் எழுதினார். அச்சு இயந்திரம் இல்லாத காலம். படித்துச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் நூல் அழிந்துவிடும். அதனால் 1207-இல் பேரன் சாங்கதேவர், தாத்தாவின் நூல்களைக் கற்பிக்க ஒரு பள்ளி ஏற்படுத்தினார். அதைச் சொல்லும் கல்வெட்டு மகாராஷ்டிராவில், சாளீஸ்காவ் அருகே கிடைத்தது. அந்தக் கான்தேஷ் வட்டாரமும் பருத்தி விளையும் கரிசல் பூமிதான்!