லூயி பாஸ்டர் என்னும் பெருந்தகை

நம் குழந்தைகள் பருகும் பாலுக்குக் காவலாய் நிற்பவர் லூயி பாஸ்டர். 1822ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். திராட்சை மது கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணமெனக் கண்டார். அதனைக் கொதிக்கவிடாது 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால், சுவை குன்றாது, கெடுதலும் நேராது என்று 1860களில் நிறுவினார்.

1859க்கும் 1866க்கும் இடையே மூன்று பெண்மக்களைப் பறிகொடுத்தார். அவருள் இருவர் டைபாய்டு காய்ச்சலுக்கு இரையாயினர். 1868இல் பக்கவாதம் இடப்பக்கத்தை முடக்கியது. ஆயினும் ஆய்வை விட்டாரில்லை. 1895இல் மறைந்தார்.

அவர் கண்ட முறையைப் பிறர் பாலுக்கும் கொணர்ந்தனர். இன்று பால் நிலையங்களில் 72 டிகிரியில் 15 விநாடி சூடேற்றி, உடனே குளிர்விக்கின்றனர். டைபாய்டு கிருமியும் அதில் மாய்கின்றது. தம் மக்களைக் காக்க இயலாத தந்தை, நம் மக்களைக் காக்கின்றார். அவரை நாம் நன்றியுடன் நினைவோமாக.