உடைந்த பெட்டி கற்றுத்தந்த பாடம்: யார் இந்த தாச்சூ நைட்டோ?

நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடும்போது பலமாக அடி வாங்குவது, பீமும் பில்லரும் சேரும் மூட்டு. இரண்டும் அதை எதிரெதிராக இழுப்பதால் குறுக்கே விரிசல் விழும். மூட்டு விட்டுப்போனால் மாடியே சரியலாம்.

இந்தச் சுமையைக் குறைக்க வழி கண்டவர்களில் முக்கியமானவர், 1886-ல் பிறந்த ஜப்பானியப் பொறியாளர் தாச்சூ நைட்டோ. வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர். முதல் உலகப் போர் காலத்தில் அமெரிக்கா போனவர், இன்னும் கொஞ்சம் சாமான் அடைக்கலாமே என்று டிரங்குப் பெட்டியின் உள்தடுப்புகளைக் கழற்றிவிட்டார். பயணத்தில் பெட்டி உடைந்தே போச்சு. அதுவரை பெட்டியைக் காப்பாற்றியது தடுப்புதான் என்பது அவருக்குப் புரிந்தது.

கட்டடத்துக்கும் அதேதானே? எஃகுச் சட்டகத்தைக் கான்கிரீட்டால் மூடி, பில்லர்களுக்கு இடையே தேவையான இடங்களில் உறுதியான கான்கிரீட் சுவர்களை வைத்தார். சுவர் ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். மூட்டுக்குப் பாரம் குறையும்.

அப்படி டோக்கியோவில் அவர் வடிவமைத்த ஜப்பான் தொழில் வங்கிக் கட்டடம் 1923 ஜூனில் முடிந்தது. மூன்றே மாதத்தில், செப்டம்பர் 1-ம் தேதி, பெரும் நிலநடுக்கம். 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்கிக் கட்டடம் பெரிய சேதமின்றி நின்றது.

1958-ல் திறக்கப்பட்ட 333 மீட்டர் டோக்கியோ டவரும் அவர் வடிவமைப்புதான். 1970-ல் மறைந்தார்.

இன்று பல அடுக்குமாடிகளில் லிஃப்டைச் சுற்றி நிற்கும் கான்கிரீட் சுவர் செய்வதும் அதே வேலைதான். ரெனவேஷன் என்று எந்தச் சுவரிலும் கை வைக்கும் முன், பொறியாளரைக் கேட்டுடுங்க!