இ-பைக் பிரேக்குக்குள்ளே ஒரு 17-ம் நூற்றாண்டுக்காரர்: யார் இந்த பாஸ்கல்?

திருச்சி கே.கே. நகரிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரியும், கேபிள் பிரேக் கொஞ்ச நாளில் லூஸ் ஆகிவிடும். பேட்டரி, மோட்டார் எடையோடு 25 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த கை வலிக்க அழுத்தணும். உறைக்குள் உரசியே கேபிள் பாதி பலத்தைத் தின்றுவிடும். உடனே வரும் யோசனை, ஹைட்ராலிக்குக்கு மாத்திடலாமா?

அந்த ஹைட்ராலிக் பிரேக்கின் ஆணிவேர், பள்ளிப் பாடத்தில் படித்து மறந்துபோன பாஸ்கல் விதி.

பிளெய்ஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்ஸின் கிளேர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா வரி அதிகாரி. ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டுத் தவித்த அப்பாவுக்காக 1642-ல், டீன் ஏஜ் முடிவதற்குள், கூட்டல் கழித்தல் இயந்திரம் செய்ய ஆரம்பித்தார். சரியாக வருவதற்குள் சுமார் 50 மாதிரிகள்!

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 1648-ல் காற்றழுத்தத்தைச் சோதிக்க பாதரசக் குழாயோடு பியூய் தெ தோம் மலை ஏறியது அவரல்ல, அக்கா கணவர். உச்சிக்குப் போகப் போக பாதரசம் இறங்கியது. பாரிஸில் இருந்தபடியே பாஸ்கல் ஜெயித்தார்.

அடுத்து திரவங்கள். மூடிய பாத்திரத்தில் தண்ணீர், அதில் இரண்டு வாய்கள், ஒன்று மற்றொன்றைப் போல 100 மடங்கு பெரிசு. சின்ன வாயில் ஒருத்தர் தள்ளினால், பெரிய வாயில் 100 பேர் தள்ளுவதைத் தாங்கும். காரணம், அழுத்தம் திரவம் முழுக்க ஒரே அளவில் பரவும். சும்மா கிடைப்பதில்லை, சின்னது 100 அங்குலம் நகர்ந்தால் பெரியது 1 அங்குலம்தான் நகரும்.

பிரேக் லீவரில் இருப்பது அந்தச் சின்ன பிஸ்டன், சக்கரத்துப் பக்கம் காலிப்பரில் இருப்பது பெரியது. அதனால்தான் ஒரு விரலே போதும். காலிப்பரை மட்டும் மாத்தினால் வேலைக்காகாது, லீவரோடு செட்டாகத்தான் மாத்தணும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை ஆஃப் செய்யும் கட்-ஆஃப் சுவிட்ச் புது லீவரிலும் இருக்கணும், கனெக்டரும் பொருந்தணும். பணத்தை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடுவது ஆபத்து. மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் ஆயில் ஊத்தினால் சீல் கெடும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். காற்று சுருங்கும், திரவம் கிட்டத்தட்ட சுருங்காது. அதான் 'பிளீடிங்' செய்யச் சொல்கிறார்கள். ஃபிரேமில் டிஸ்க் மாட்ட இடமே இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

இதையெல்லாம் பாஸ்கல் பார்க்கவே இல்லை. ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கியது 1795-ல். காருக்கு ஹைட்ராலிக் பிரேக் கொண்டுவந்த அமெரிக்கர் மால்கம் லாக்ஹீட் 20-ம் நூற்றாண்டுக்காரர்.

திரவங்கள் பற்றிய நூலை எழுதியும் பாஸ்கல் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1654 நவம்பர் 23 இரவு ஒரு ஆழ்ந்த ஆன்மிக அனுபவம். அதைக் குறித்து எழுதி கோட்டுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். இறந்த பிறகுதான் வீட்டில் கண்டெடுத்தார்கள். அதன்பின் அறிவியல் பின்னுக்குப் போனது. ஆனாலும் முழுசாக விடவில்லை. 1658-ல் பல்வலியில் தூக்கம் வராத ஒரு ராத்திரி, உருளும் சக்கரத்தின் ஒரு புள்ளி வரையும் வளைவைப் பற்றி யோசித்ததில் வலியே மறந்துபோனதாகக் குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசி வேலையும் சக்கரம்தான். 1662 மார்ச் 18-ல் பாரிஸில் குறிப்பிட்ட ரூட்டில், குறிப்பிட்ட நேரத்துக்கு ஓடும் குதிரை வண்டிகள் கிளம்பின. டிக்கெட் 5 சூ. இன்றைய டவுன் பஸ்ஸின் தாத்தா என்றே சொல்லலாம். தன் பங்கு வருமானத்தை ஏழைகளுக்குத் தர நினைத்தார் பாஸ்கல். ஆனால் கூலியாட்களும் வேலைக்காரர்களும் படைவீரர்களும் ஏறக் கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் விதி போட்டுவிட்டது.

அதே வருடம் ஆகஸ்ட் 19-ல் இறந்தார். வயது 39. திரவங்கள் பற்றிய அந்தப் புத்தகம் அடுத்த வருடம் அச்சில் வந்தது.