மூளையின் மின்னலைகளை வரைந்த ஹன்ஸ் பேர்கர்

காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலை மற்றவருக்கு நிரூபிக்க முடியாது. 1984 இல் கொக்கிளாயை விட்டுத் துரத்தப்பட்டு, 2009 வரை செல்லடிக்குள் வாழ்ந்து, மீண்டும் ஊர் திரும்பியவர்களில் நானும் ஒருவன். என் காது இன்றும் இரைகிறது. வெளியே தெரியாத இந்த நோவை ஆராய வழி திறந்தவர்களில் முதன்மையானவர் ஜேர்மன் வைத்தியர் ஹன்ஸ் பேர்கர்.

அவர் 1873 இல் கோபுர்க் நகருக்கு அருகில் பிறந்தார். இளவயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சில்லுக்குள் அகப்படாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே தந்தையிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தூரத்திலிருந்த மூத்த சகோதரிக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனதில் பட்டிருந்தது. மனதின் சக்தியை அளந்து பார்க்கும் ஆசை அவரை மருத்துவத்துக்கு இழுத்தது.

ஜெனா பல்கலைக்கழக மனநோய் வைத்தியசாலையில் பணியாற்றியபடி, மிகுதி நேரத்தில் இரகசியமாக ஆய்வு செய்தார். 1924 இல் முதன்முறையாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். ஐந்து வருடங்கள் திரும்பத் திரும்பச் சரிபார்த்து 1929 இல்தான் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934 இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் அதைச் செய்துகாட்டிய பின்னரே உலகம் ஏற்றது.

அவர் வாழ்வில் இருளும் உண்டு. நாசி ஆட்சியில், நோயாளரைக் கட்டாயக் கருத்தடைக்கு அனுப்பிய நீதிமன்றத்தில் அவரும் அமர்ந்தார். கண்டுபிடிப்பு பெரிது என்பதற்காக நாங்கள் இதை மறைக்க முடியாது. 1941 இல், மனச்சோர்வுக்குள் மூழ்கி, தன் உயிரைத் தானே மாய்த்தார்.

அவரது வழியில், 1939 இல் அமெரிக்காவின் போலின் டேவிஸ், ஒலி கேட்கும்போது விழித்திருக்கும் மூளையின் அலைகள் மாறுவதைக் காட்டினார். இன்று தலையில் மின்வாய்களை ஒட்டி, காதுக்குள் சிறு ஒலியை ஆயிரக்கணக்கான தடவை கொடுத்து, அது செவி நரம்பு வழியே மூளைக்குப் போவதைப் பார்க்கிறார்கள். வெடியோசையில் அழிந்த உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. குறைந்துபோன ஒலியை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டும்போதே இரைச்சல் எழுகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இரைச்சலை மட்டும் தனியே உறுதிசெய்யும் சோதனை இன்னும் இல்லை.

ஆகவே, காது இரையுது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். நம்புங்கள், காது வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.