அலோயிஸ் அல்சைமர்: வாழ்க்கையும் இன்றைய இரத்தப் பரிசோதனையும்

உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நினைவாற்றல் குறைந்து வருகிறதெனில், அல்சைமர் என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது ஒரு மருத்துவரின் பெயர். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், இந்நோய்க்கென இப்போது பேசப்படும் இரத்தப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதும் எளிதில் விளங்கும்.

இளமையும் பணியும்

அலோயிஸ் அல்சைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அங்கே நோயாளிகளிடம் பேசி அவர்களின் நிலையைக் குறித்துவைத்தார். இறந்தோரின் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் முறையை உருவாக்கிய பிரான்ஸ் நிஸ்ல், அவருக்கு உடன்பணியாளராகவும் நண்பராகவும் இருந்தார்.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அல்சைமரின் மனைவி காலமானார். மூன்று குழந்தைகளுக்குத் தந்தையான அவர் பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் அகுஸ்டே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நினைவிழப்பு, இடமும் காலமும் தெரியாமை, கணவர்மீது காரணமற்ற சந்தேகம் ஆகியவை அவரிடம் காணப்பட்டன. காட்டிய பொருள்களின் பெயரைச் சரியாகச் சொல்வார். சிறிது நேரத்தில் அவற்றைப் பார்த்ததையே மறந்துவிடுவார். தம் பெயரை முழுமையாக எழுதவும் இயலவில்லை. தாம் கேட்டவற்றையும் அவர் அளித்த விடைகளையும் அல்சைமர் ஒன்றுவிடாமல் பதிவு செய்தார்.

கண்டறிந்தது

பின்னர் அல்சைமர் மியூனிக் நகருக்குச் சென்று, எமில் கிரெப்பலின் என்னும் மனநல அறிஞரிடம் பணியாற்றினார். அகுஸ்டே 1906 ஏப்ரலில் இறந்தார். அவருடைய மருத்துவப் பதிவேடும் மூளையும் அல்சைமருக்கு அனுப்பப்பட்டன. மூளையின் புறணி சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்குண்ட இழைகளும் காணப்பட்டன.

1906 நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் மருத்துவர் கூட்டமொன்றில் இதை அவர் விளக்கினார். அன்று அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1910இல் கிரெப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். 1912இல் பிரெஸ்லாவ் நகரில் பேராசிரியரான அல்சைமர், 1915 டிசம்பர் 19ஆம் நாள் தமது 51ஆம் வயதில் காலமானார்.

மூளையிலிருந்து இரத்தத்திற்கு

அவர் கண்ட படிவுகள் அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தாலும், இழைகள் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது 1980களில் தெளிவாயிற்று. நெடுங்காலம் இறப்பிற்குப் பின்னரே இவற்றை உறுதியாகக் காண முடிந்தது. பிறகு தண்டுவட நீர்ப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும் வந்தன. இப்போது இரத்தத்திலேயே இப்புரதங்களின் மிகச் சிறிய அளவுகளை அளக்க இயலுகிறது.

மூளையில் படிவுகள் சேரும்போது இரத்தத்தில் அமிலாய்டு பீட்டா 42 குறைகிறது. பி-டௌ 217 என்னும் டௌ வகை கூடுகிறது. இம்மாற்றங்கள் மறதி வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடும். இவ்விரண்டின் விகிதத்தை அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி அளித்தது. 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, நோய் அறிகுறி உள்ளோருக்கே அவ்வனுமதி பொருந்தும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• இப்பரிசோதனையை மட்டும் கொண்டு நோயை உறுதி செய்தல் கூடாது. மருத்துவர் நேரில் செய்யும் நினைவாற்றல் சோதனைகளுடன் சேர்த்தே முடிவைப் பொருள்கொள்ள வேண்டும்.

• புரத அளவு மாறியுள்ள அனைவருக்கும் மறதி வரும் என்பதில்லை. எப்போது வரும் என்பதையும் அது சொல்லாது. அறிகுறியற்றோர் எதிர்காலத்தை அறியும் நோக்குடன் இதனைச் செய்துகொள்ளுதல் பரிந்துரைக்கப்படுவதில்லை.

• சிறுநீரக நோய் இவ்வளவுகளைக் கூட்டக்கூடும். உங்களுக்குள்ள பிற நோய்களை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம். இவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. எனவே முதலில் இவற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

• பராமரிப்பாளராகிய நீங்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றம், எப்போது தொடங்கியது, அன்றாட வேலையில் எது கடினமாயிற்று, எந்த மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன என்பவற்றை எழுதி, மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள். அகுஸ்டேயின் நோயை விளங்கிக்கொள்ள அல்சைமருக்கு அத்தகைய பதிவேடே முதலில் உதவியது. இரத்தப் பரிசோதனை வந்துள்ள இக்காலத்திலும், நோயாளியுடன் வாழ்பவர் தரும் தகவல் மருத்துவருக்கு இன்றியமையாதது.