நினைவகம் தேடிய ஆசிரியர்: கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி வாழ்க்கை வரலாறு



நம் சுவர் இதழில் வழக்கமாகத் தலைவர்கள், கவிஞர்கள் வாழ்க்கை வரலாறுதான் வரும். இந்த மாசம் நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு இவர் பெயர் நல்லாத் தெரியும். நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இவரைப் பற்றி எனக்கு எப்படித் தெரிஞ்சது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்க பெரியப்பா வீட்டு அண்ணா பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாங்க. அதில் கார் ரேஸ் கேம் போட்டால் ரெண்டு நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம் கார் அப்படியே நிற்கும், திடீரென்று பத்தடி தள்ளிக் குதிக்கும். சர்வீஸ் கடை அண்ணா பெட்டியைத் திறந்து பார்த்தாங்க. ரேம் 4 ஜிபிதான் இருக்கு, இடம் பத்தலை என்று சொல்லி, விரல் நீளத்தில் இன்னொரு பச்சைப் பலகையைச் செருகினாங்க. கேம் நிற்காமல் ஓடியது. எனக்கு ஒரே ஆச்சரியம். விளையாட இடம் பத்தலை என்ற கஷ்டத்தை உலகத்தில் முதலில் பட்டவர் யாராக இருக்கும் என்று யோசித்துத் தேடினேன். அப்படிக் கிடைத்தவர்தான் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி.

பிறப்பும் குடும்பமும்

ஸ்ட்ரேச்சி 1916-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் என்ற பகுதியில் பிறந்தார். அப்பா ஆலிவர் ஸ்ட்ரேச்சி ரகசியக் குறியீடுகளை உடைத்துப் படிக்கும் வேலையில் இருந்தவர். அம்மா ரே ஸ்ட்ரேச்சி பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடியவர், நூல்களும் எழுதியவர். 1928-இல்தான் இங்கிலாந்தில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. அப்போது இவருக்கு 11 வயசு.

தாத்தா ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டில் அதிகாரியாக இருந்தவர். நம்ம பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் இருக்கு இல்லையா? அதற்குப் பிறகு 1878-இல் அமைத்த பஞ்ச விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

படிப்பில் வந்த சறுக்கல்

இவ்வளவு பெரிய குடும்பம், அதனால் இவர் எப்பவும் முதல் மார்க் என்று நினைப்பீங்க. அதுதான் இல்லை. 1935-இல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே மனசு உடைந்து, உடம்பும் கெட்டு, படிப்பு நடுவில் தடைப்பட்டது. கடைசியில் இரண்டாம் வகுப்பில்தான் தேறினார். ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டார். அந்த மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

பிறகு ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ரேடாருக்கு வேண்டிய வால்வுகளைப் பற்றிக் கணக்குப் போடும் வேலை. அங்கேதான் கணக்குப் போடும் இயந்திரங்களைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டார். போர் முடிந்ததும் கேன்டர்பரியில் ஒரு பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1949-இல் ஹாரோ பள்ளிக்கு மாறினார். நம் நேரு சிறுவயதில் படித்த பள்ளி அது.

வாத்தியார் எழுதிய விளையாட்டு

1951 ஜனவரியில் ஒரு நண்பர் மூலமாக லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே பைலட் ஏஸ் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. ஒரே ஒரு நாள் பார்த்தார். வீட்டுக்கு வந்து, பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தார். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போட மட்டும்தான். இவர் எழுதியதோ ஒரு விளையாட்டு!

அந்த விளையாட்டுக்கு டிராஃப்ட்ஸ் என்று பெயர். செஸ் போர்டு மாதிரி 64 கட்டம், அதில் கறுப்புக் கட்டம் 32-இல் மட்டும் ஆடுவாங்க. ஆளுக்கு 12 காய். ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டும் இல்லையா, அதே மாதிரி எதிரி காயைத் தாண்டி வெட்டணும்.

கம்ப்யூட்டருக்கு 0, 1 இரண்டுதான் தெரியும். ஸ்ட்ரேச்சி என்ன செய்தார் தெரியுமா? 32 கட்டத்துக்கு 32 இலக்கம் என்று வைத்தார். காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கறுப்புக் காய்க்கு ஒரு வரிசை, வெள்ளைக் காய்க்கு ஒரு வரிசை, ராஜா ஆன காய்களுக்கு ஒரு வரிசை. மூன்று வரிசையில் முழு போர்டும் அடங்கிவிட்டது. எவ்வளவு சிக்கனம் பாருங்க!

இடம் பத்தவில்லை

ஆனால் போர்டை வைத்தால் மட்டும் போதுமா? நான் இங்கே நகர்த்தினால் எதிரி எங்கே நகர்த்துவான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே பார்க்கணும். அதற்கான கட்டளைகள், இடையில் வரும் விடைகள் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைக்கணும்.

பைலட் ஏஸின் நினைவகம் பாதரசம் நிரப்பிய ஒன்றரை மீட்டர் நீளக் குழாய்கள். ஒரு முனையில் எண்களை ஒலித் துடிப்பாக அனுப்பினால், அது பாதரசத்துக்குள் ஓடி, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மறுமுனைக்கு வரும். உடனே திரும்ப முதல் முனைக்கே அனுப்புவாங்க. இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் ஞாபகம்! ஒரு குழாயில் 32 இலக்க எண்கள் 32 இருக்கும். அந்த மெஷின் ஆரம்பத்தில் மொத்தமே 128 எண்களைத்தான் வைத்துக்கொள்ளும். இன்றைய கணக்கில் 512 பைட்டு. தமிழில் நாலு வரி எழுதினால் நிறைஞ்சிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 352 எண்கள் வரை பெருக்கினாங்க.

1951 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ட்ரேச்சியின் புரோகிராமை அதில் போட்டுப் பார்த்தாங்க. ஆட்டம் நடக்கவில்லை. மெஷினின் நினைவகம் முழுக்கத் தீர்ந்துபோனது. அவ்வளவு மாசம் கண் விழித்து எழுதியது ஓடவில்லை என்றால் எப்படி இருக்கும்? நாமாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்போம்.

பெரிய நினைவகத்தைத் தேடி

ஸ்ட்ரேச்சி கிழிக்கவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதே 1951 பிப்ரவரியில் பெர்ராண்டி மார்க் 1 என்ற மெஷின் வந்திருந்தது. அதன் நினைவகம் பெரியது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ஆலன் டூரிங். கேம்பிரிட்ஜ் காலத்திலேயே பழக்கமானவர். ஸ்ட்ரேச்சி அவருக்கு எழுதி, மெஷினை இயக்கும் கையேட்டைக் கேட்டு வாங்கினார்.

மான்செஸ்டர் மெஷினில் பாதரசம் கிடையாது. வில்லியம்ஸ், கில்பர்ன் என்ற இருவர் கண்டுபிடித்த முறை அது. டி.வி. டியூப் மாதிரி ஒரு குழாயின் கண்ணாடியில் மின்சாரப் புள்ளிகளாக எண்களை வைப்பாங்க. புள்ளி சீக்கிரம் அழிஞ்சிடும். அழிவதற்கு முன்னால் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கணும். நம் கம்ப்யூட்டர் ரேமும் இன்றைக்கு வரை அப்படித்தான், கரண்ட் இருக்கும் வரை நொடிக்குப் பல தடவை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. கரண்ட் போனால் எல்லாம் மறந்துபோகும். குழாய்கள் தவிர அந்த மெஷினில் ஒரு காந்த டிரம்மும் இருந்தது. அதில் நிறைய இடம், ஆனால் வேகம் குறைவு. நம் ஹார்டு டிஸ்க் மாதிரி. புரோகிராமை டிரம்மில் வைத்துவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் குழாய்க்குக் கொண்டு வரலாம்.

ஆனால் ஒன்று. அந்த மெஷினுக்குப் பைலட் ஏஸ் கட்டளை ஒன்றுகூடப் புரியாது. பெரிய இடம் கிடைத்தாலும், முழு விளையாட்டையும் முதல் வரியிலிருந்து மாற்றி எழுத வேண்டும். எழுதினார். அக்டோபர் வாக்கில் முடித்தார்.

இதற்கு நடுவில் டூரிங் அவருக்கு வேறொரு கஷ்டமான புரோகிராமையும் எழுதிப் பார்க்கச் சொன்னார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகள். ஒரு ராத்திரி முழுக்கத் தனியாக மெஷினோடு உட்கார்ந்தார். விடிவதற்குள் அது ஓடியது. ஓடி முடித்ததும் மெஷினின் ஒலிபெருக்கியில் இங்கிலாந்து தேசிய கீதம் கேட்டதாம்! அவரே அதையும் சேர்த்து எழுதி வைத்திருந்தார். ஒரு பள்ளி வாத்தியார் இதைச் செய்தார் என்று எல்லோரும் பேசிக்கொண்டாங்க.

1952 கோடையில் டிராஃப்ட்ஸ் விளையாட்டு முழு ஆட்டமும் ஓடியது. திரையில் போர்டு தெரியும், டெலிபிரின்டரில் நகர்வு அச்சாகும். விதி தெரியாமல் தப்பாக ஆடினால் மெஷின் திட்டும். ரொம்பத் தப்பு செய்தால் கோபித்துக்கொண்டு ஆட மாட்டேன் என்று சொல்லிவிடும். உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

பிற்காலம்

1952-இல் ஆசிரியர் வேலையை விட்டு, ஆராய்ச்சி வளர்ச்சிக்கான அரசு நிறுவனத்தில் சேர்ந்தார். பெகாசஸ் என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1959-இல் ஒரே கம்ப்யூட்டர் தன் நேரத்தைப் பல வேலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பாரிஸில் நடந்த மாநாட்டில் கட்டுரை படித்தார். 1960-களில் கேம்பிரிட்ஜில் நண்பர்களோடு சேர்ந்து சிபிஎல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். அதிலிருந்து பிசிபிஎல், அதிலிருந்து பி, அதிலிருந்து சி மொழி வந்தது. சி மொழியின் பிள்ளையான சி++-இல்தான் இன்றைக்குப் பெரிய பெரிய கேம்கள் எழுதுறாங்க. அண்ணா விளையாடிய கார் ரேஸுக்குள்ளும் இவர் எங்கேயோ இருக்கார்!

1965-இல் ஆக்ஸ்போர்டில் புரோகிராம் ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினார். 1971-இல் பேராசிரியர் ஆனார். இரண்டாம் வகுப்பு வாங்கி ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்காதவர்! 1975 மே 18-ஆம் தேதி மஞ்சள் காமாலை நோயால் இறந்தார். வயது 58.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. ரேம் நிறைந்தால் கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்கில் வைத்து எடுக்கும். டிஸ்க் மெதுவானது. கேம் நின்று நின்று ஓட இது ஒரு காரணம்.

2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் படம் காட்டவும் ரேமிலிருந்தே இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் சீக்கிரம் நிறையும்.

3. வாங்குவதற்கு முன், கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பாருங்க. ரேம் நிறைந்திருந்தால்தான் புது ரேம் உதவும். பாதி காலியாக இருந்தால் குறை வேறு இடத்தில். காசு வீண்.

4. டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழையாது. வெட்டு இருக்கும் இடம் வேறு. அழுத்திச் செருகாதீங்க.

5. ஒரே அளவு, ஒரே வேகம் உள்ள இரண்டு ரேம்களைச் சரியான ஸ்லாட்டில் போட்டால், பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு பெரிய ரேமைவிட வேகம் கூடும்.

6. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம்தான் ரேமைத் தொடணும். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் அதைக் கெடுத்துவிடும்.

முடிவுரை

அண்ணா கம்ப்யூட்டரில் இப்போது 8 ஜிபி இருக்கு. பைலட் ஏஸின் முதல் 512 பைட்டைவிட அது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் மடங்கு அதிகம்! ஆனால் அந்த நாலு வரி இடத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் ஒரு விளையாட்டையே யோசித்தார்.

அரையாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் 41 மார்க். உன் மண்டையில் இதெல்லாம் ஏறாது என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்ட்ரேச்சியைப் படித்த பிறகு ஒன்று புரிந்தது. ஒரு மெஷினில் ஓடவில்லை என்றால் விளையாட்டே தப்பு என்று அர்த்தம் இல்லை. இடத்தைத் தேடிப் போகணும், தெரிந்தவரிடம் கையேட்டைக் கேட்கணும், வெட்கப்படாமல் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதணும். நான் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்திலிருந்து போட ஆரம்பித்திருக்கிறேன். யாராவது சேர்ந்து போட வருகிறீங்களா? சாயங்காலம் வேப்பமரத்தடியில் இருப்பேன்.

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி