அனுமதிக்காக ஆறு ஆண்டுகள்: ஃபிரெடி லேக்கரின் 'ஆகாய ரயில்'

லண்டனில் இருந்து நியூயார்க் சென்றடைய ஒரு விமானத்துக்கு ஏழு அல்லது எட்டு மணி நேரம் போதும். ஆனால், அந்தப் பாதையில் தினமும் பறப்பதற்கான அனுமதியைப் பெற ஃபிரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ் விமானத் தொழிலதிபருக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேலானது.

அவர் நடத்தி வந்தது ஒரு சிறிய வாடகை விமான நிறுவனம். குழுக்களாகப் பயணம் செய்வோருக்கு விமானத்தை மொத்தமாக வாடகைக்குக் கொடுப்பதே அதன் தொழில். யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறக்கூடிய, கால அட்டவணைப்படி பறக்கும் சேவையையும் நடத்த அனுமதிக்குமாறு 1971-ல் அவர் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்துக்கு முடிவான பதில் கிடைப்பதற்குள் பிரிட்டனில் மூன்று பிரதமர்களும் அமெரிக்காவில் மூன்று அதிபர்களும் பதவியில் இருந்துவிட்டார்கள்.

லேக்கரின் நிறுவனம் 1982-ல் நொடித்துப் போனது. அவர் 2006 பிப்ரவரியில், தமது 83-வது வயதில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் காலமானார். ஆயினும், ஒரு பாதையில் பறக்கும் உரிமையை யார் கொடுப்பது, கொடுத்ததை யார் பறிக்கலாம் என்று அவர் எழுப்பிய கேள்வி அவருக்குப் பின்னரும் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் ஒலித்திருக்கிறது.

பழைய விமானங்களில் பிறந்த செல்வம்

ஃபிரடெரிக் ஆல்ஃபிரட் லேக்கர் 1922 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரில் பிறந்தார். கப்பல் தொழிலாளியான தந்தை சிறுவயதிலேயே குடும்பத்தை விட்டுச் சென்றுவிட, தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 1938-ல் ரோச்செஸ்டரில் இருந்த ஷார்ட் பிரதர்ஸ் விமானத் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளில் இருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் பணியாற்றினார்.

போர் முடிந்ததும், படைகள் கழித்துவிட்ட பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். நண்பர் ஒருவர் கடனாகக் கொடுத்த 38 ஆயிரம் பவுன் பணத்தைக் கொண்டு, குண்டுவீச்சு விமானங்களில் இருந்து மாற்றியமைக்கப்பட்ட பன்னிரண்டு விமானங்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கினார்.

அந்தச் சமயத்தில்தான், 1948 ஜூனில், சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிப் பாதைகளை மூடியது. நகர மக்களுக்கு வேண்டிய உணவையும் நிலக்கரியையும் ஆகாய மார்க்கமாகவே கொண்டு செல்ல வேண்டிய நிலை. பறக்கக்கூடிய எந்த விமானத்துக்கும் வேலை இருந்தது. லேக்கரின் பழைய விமானங்கள் அவரைச் செல்வந்தராக்கின.

பின்னர் தமது நிறுவனங்களை விற்ற அவர், 1960 முதல் 1965 வரை, பிரிட்டனின் பெரிய தனியார் விமான நிறுவனமாகத் திகழ்ந்த பிரிட்டிஷ் யுனைட்டட் ஏர்வேஸின் நிர்வாக இயக்குநராக இருந்தார். அங்கிருந்து விலகி, 1966-ல் லேக்கர் ஏர்வேஸ் என்று தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு பழைய பிரிட்டானியா விமானங்களே அதன் முதல் மூலதனம்.

சிக்கனமே அவரது பலம். விமானம் தரையில் இருந்து எழும்பும்போது இயந்திரங்களின் முழு வலுவையும் பயன்படுத்தாமல், தேவையான அளவை மட்டும் பயன்படுத்தி அவற்றின் ஆயுளைக் கூட்டும் முறையைத் தம் விமானிகளிடம் அவர் வலியுறுத்தினார்.

சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்

அந்நாட்களில் அட்லாண்டிக் கடந்த பாதைகளின் கட்டணத்தை விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவே கூடி நிர்ணயித்தது. அரசுகள் அதற்கு ஒப்புதல் வழங்கின. வாடகை விமானங்கள் மலிவாகப் பறக்கலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பயணிகள் அனைவரும், பயணத்துக்காக அல்லாமல் வேறொரு நோக்கத்துக்காக அமைந்த ஒரு சங்கத்தில் குறைந்தது ஆறு மாதங்கள் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்.

விதி கடுமையாக இருந்ததால் ஏமாற்றும் பெருகியது. பூச்செடி வளர்ப்போர், பறவை வளர்ப்போர் என்ற பெயர்களில் சங்கங்கள் முளைத்தன. உறுப்பினர் அட்டைகளில் முந்தைய தேதிகள் இடப்பட்டன. அதிகாரிகள் விமான நிலையங்களில் சோதனை நடத்தினார்கள். உறுப்பினர் என்று நிரூபிக்க முடியாதவர்கள் பயணத்தில் இருந்து தடுக்கப்பட்டார்கள். லேக்கரின் பயணிகளும் இதற்குத் தப்பவில்லை.

மலிவான கட்டணத்தில் பறப்பதற்காகச் சாதாரண மக்கள் பொய் சொல்ல நேர்வதும், அதற்காக அவர்கள் குற்றவாளிகளைப் போல விசாரிக்கப்படுவதும் அவரை வெகுவாகப் பாதித்தன. பொய்க்கு இடமளிக்காத ஒரு சேவையை அவர் திட்டமிட்டார். முன்பதிவு கிடையாது; அன்றன்று வரிசையில் நின்று சீட்டு வாங்கலாம்; உணவு வேண்டுவோர் தனியே பணம் கொடுக்கலாம். ரயிலில் ஏறுவதைப் போன்ற எளிமையான இந்த முறைக்கு அவர் சூட்டிய பெயர் ஸ்கைட்ரெயின், அதாவது ஆகாய ரயில்.

கிடைத்ததும் பறிபோனதும்

1971 ஜூனில் அளித்த முதல் விண்ணப்பம் பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு, புதிதாக அமைக்கப்பட்ட சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அவர் மீண்டும் சென்றார். பிரிட்டிஷ் விமான நிறுவனங்களில் அரசுக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்காவது வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அந்த ஆணையத்தை உருவாக்கிய 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. 1972 செப்டம்பரில் ஆணையம் அவருக்குப் பத்தாண்டு உரிமம் வழங்கியது.

உரிமத்தை நம்பி லேக்கர் பெரிய டிசி-10 விமானங்களை வாங்கினார். ஆனால் அமெரிக்காவில் தரையிறங்க அந்நாட்டின் அனுமதியும் வேண்டும். 1946-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட பெர்முடா உடன்படிக்கையின்படி, பிரிட்டிஷ் அரசு ஒரு நிறுவனத்தைத் தன் சார்பில் நியமித்த பிறகே அமெரிக்கா அதைப் பரிசீலிக்கும். 1973-ல் அந்த நியமனம் கிடைத்தது. அதன் பின் அமெரிக்க அதிகாரிகளின் விசாரணை நீண்டுகொண்டே சென்றது.

இதற்கிடையே எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது, பயணிகள் தொகை சரிந்தது. அரசுக்குச் சொந்தமான பிரிட்டிஷ் ஏர்வேஸ், லேக்கரின் உரிமத்தை ரத்துச் செய்யுமாறு ஆணையத்திடம் கோரியது. ஆணையம் மறுத்துவிட்டது. ஆனால் 1975 ஜூலையில், தொழிற்கட்சி அரசின் வர்த்தக அமைச்சர் பீட்டர் ஷோர், ஸ்கைட்ரெயின் பறக்காது என்று அறிவித்தார். நீண்டதூரப் பாதை ஒன்றில் ஒரேயொரு பிரிட்டிஷ் நிறுவனமே பறக்க வேண்டும் என்று ஆணையத்துக்குப் புதிய வழிகாட்டுதல் வெளியிடப்பட்டது. பெர்முடா உடன்படிக்கையின் கீழான நியமனத்தையும் விலக்கிக்கொள்ளப் போவதாக அரசு கூறியது.

உரிமம் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் வழி அடைக்கப்பட்டது.

நீதிமன்றம் சொன்னது

லேக்கர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். 1976 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இரண்டு விஷயங்கள் அங்கு தீர்மானிக்கப்பட்டன. முதலாவது, வழிகாட்டுதல் என்ற பெயரில், நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிய நோக்கத்தையே அமைச்சர் தலைகீழாக்க முடியாது. இரண்டாவது, வெளிநாட்டு உடன்படிக்கைகளைக் கையாளும் அதிகாரம் மகுடத்தின் பெயரால் அரசிடம் இருந்தாலும், சட்டப்படி வழங்கப்பட்ட ஓர் உரிமையைப் பயனற்றதாக்க அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது.

இத்தீர்ப்பின் முக்கியத்துவம் விமானத் துறையோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து விலகும் நடவடிக்கையை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி அரசு தொடங்க முடியுமா என்ற வழக்கு 2017-ல் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றத்தில் முடிவு செய்யப்பட்டபோது, முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்பட்ட தீர்ப்புகளில் லேக்கர் வழக்கும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

59 பவுன் பயணம்

தோல்வியை ஏற்ற பிரிட்டிஷ் அரசு வழிவிட்டது. 1977 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒப்புதல் அளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி, 345 இருக்கைகள் கொண்ட டிசி-10 விமானம் 272 பயணிகளுடன் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் இருந்து நியூயார்க் புறப்பட்டது. ஒருவழிக் கட்டணம் 59 பவுன்.

பெரிய நிறுவனங்கள் தமது கட்டணங்களைக் குறைக்கும் கட்டாயத்துக்கு உள்ளாயின. முன்னர் அட்லாண்டிக்கைக் கடப்பதைப் பற்றி எண்ணியும் பார்த்திராத மாணவர்களும் தொழிலாளர்களும் ஓய்வூதியக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். கடல் கடந்து வாழும் தமிழர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தாயின் இறுதிச் சடங்குக்குப் போய்ச் சேர முடியுமா என்பதைக்கூடப் பயணச்சீட்டின் விலை தீர்மானிப்பதுண்டு.

1978-ல் லேக்கருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், 1980-ல் மயாமிக்கும் சேவை விரிந்தது.

வீழ்ச்சி

விரிவாக்கம் கடனில் நடந்தது. 1979 மே மாதம் சிகாகோவில் வேறொரு நிறுவனத்தின் டிசி-10 விமானம் விபத்துக்குள்ளானதைத் தொடர்ந்து, அந்த ரக விமானங்கள் அமெரிக்காவுக்குப் பறப்பது பல வாரங்கள் தடை செய்யப்பட்டது. லேக்கரின் நீண்டதூரச் சேவை முழுவதும் டிசி-10 விமானங்களையே நம்பியிருந்தது.

அடுத்த அடி நாணய மாற்று விகிதத்தில் இருந்து வந்தது. விமானங்களுக்கான கடனை அவர் டாலரில் திருப்பிச் செலுத்த வேண்டும். வருமானத்தின் பெரும்பகுதியோ பவுனில் வந்தது. 1980-ல் சுமார் 2.40 டாலராக இருந்த பவுனின் மதிப்பு, 1981-ல் 1.80 டாலர் அளவுக்குச் சரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பான் ஆம் நிறுவனம் தன் கட்டணத்தை லேக்கரின் கட்டணத்துக்கு இணையாகக் குறைக்க, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதே விலைக்கு உணவும் முன்பதிவும் கிடைக்கும்போது பயணிகள் இடம் மாறினார்கள்.

1982 பிப்ரவரி 5-ம் தேதி, 250 மில்லியன் பவுனுக்கும் அதிகமான கடனுடன் லேக்கர் ஏர்வேஸ் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பயணிகள் நடுவழியில் தவித்தார்கள். ஆயினும் நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பொதுமக்கள் பலர் தாமாகவே பணம் அனுப்ப முன்வந்தனர்.

போட்டி நிறுவனங்கள் கூட்டுச் சதி செய்து தம்மை வீழ்த்தின என்ற குற்றச்சாட்டுடன், லேக்கர் நிறுவனத்தின் சார்பில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு தனியார்மயமாக்க விரும்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸும் பிரதிவாதிகளில் ஒன்று. அமெரிக்க நீதிமன்றத்துக்கு ஆவணங்கள் செல்வதைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு சட்டத்தைப் பயன்படுத்தியது. சுதந்திரப் போட்டியை முழங்கிய ஓர் அரசு, போட்டி நசுக்கப்பட்டதா என்ற விசாரணைக்குக் குறுக்கே நின்றது. 1985-ல் பிரதிவாதிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே பணம் கொடுத்து வழக்கை முடித்தார்கள். லேக்கருக்குத் தனிப்பட்ட முறையில் 8 மில்லியன் டாலர் கிடைத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1987-ல் தனியார்மயமானது.

எஞ்சியிருப்பது

அமெரிக்கா 1978-ல் தன் உள்நாட்டு விமானச் சேவைகளின் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஐரோப்பா 1990-களில் அதே வழியில் சென்றது. 1984-ல் வர்ஜின் அட்லாண்டிக்கைத் தொடங்கிய ரிச்சர்ட் பிரான்சன் லேக்கரிடம் ஆலோசனை பெற்றார். தமது விமானம் ஒன்றுக்கு லேக்கரின் பெயரையும் சூட்டினார்.

ஆனால் லேக்கரைச் சாய்த்த பொருளாதாரக் கணக்கு இன்னமும் எளிதாகிவிடவில்லை. ஐஸ்லாந்தின் வாவ் நிறுவனம் 2019-ல் மூடப்பட்டது. நார்வீஜியன் நிறுவனம் 2021-ல் தன் நீண்டதூர மலிவுச் சேவையைக் கைவிட்டது.

லேக்கரின் வாழ்க்கை ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அரசு கதவை மூடியபோது, அதைத் திறக்கச் சட்டம் இருந்தது. கதவு திறந்த பின், பணபலம் மிக்கவர்கள் விலையைக் குறைத்துக் காத்திருந்தபோது, தீர்ப்பு வருவதற்கு முன்பே நிறுவனம் போய்விட்டது. ஒரு சிறிய நிறுவனத்துக்குப் பறக்க அனுமதி கொடுப்பதோடு அரசின் கடமை முடிகிறதா, அல்லது அது பறக்கும் வானத்தில் நியாயமான போட்டியை உறுதி செய்வதும் அதன் கடமையா என்பதே அவர் விட்டுச் சென்றிருக்கும் கேள்வி.